கோடை விடுமுறையும் கச்சான் காற்றும்

மலையிலிருந்து மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் புறப்படுவோர் கவனத்துக்கு

சித்திரை மாதத்து விடியற்காலை. கொல்லிமலைச் செம்மேட்டில் வில்லேந்தி நிற்கும் வல்வில் ஓரியின் சிலையை விட்டுப் பனிமூட்டம் இன்னும் முழுதும் விலகவில்லை. தேநீர்க் கடையின் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தார், பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துவைத்து, வேன் வாடகை, டீசல், மண்டபத்தில் தங்கும் அறை, சாப்பாடு, படகுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக எழுதியும் அடித்தும், கூட்டியும் கழித்தும் கொண்டிருக்கிறார்கள். மிளகு விற்ற பணம் கையில் இருக்கிறது. பலா பழுத்து இறங்க இன்னும் சில வாரம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மாமன் முறையாகிற வேன்காரர் மே மாதத்து முதல் வாரம்தான் சௌகரியம் என்று நாள் குறிக்கிறார். கடலையே கண்டிராத பாட்டி, படகு போகிற வழியிலும் எழுபது வளைவு உண்டா என்று விசாரிக்க, பெஞ்சு முழுவதும் சிரிக்கிறது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்திருக்கும் கொல்லிமலைக்குக் கோடைதோறும் சமவெளியார் குளிர்ச்சியை நாடி ஏறிவருவதும், அதே கோடையில் மலையிலுள்ளோர் கடலை நாடி இறங்கிச் செல்வதும் இயற்கையான காரியங்களே. மலைப்பிள்ளைகள் படகென்று ஏறி அறிந்தது பெரும்பாலும் வாசலூர்பட்டிப் படகு இல்லத்தின் மிதிபடகைத்தான். அலையென்று அவர்கள் கண்டது, அந்தச் சிற்றேரியில் பக்கத்துப் படகு கடந்து போகையில் எழும் நீர்ச்சுருக்கத்தைத்தான். ஆகவே, பாம்பனுக்குத் தெற்கே நீலக்கடலில் தீவுகள் இருக்கின்றன, அங்கே வனத்துறையின் படகில் போய் வரலாம், பவளப்பாறை பார்க்கலாம் என்ற சமாசாரம் கைப்பேசிப் படங்களின் வாயிலாக மலையேறி வந்ததிலிருந்து, ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் அப்பால் ஒரு புதிய ஆசை இங்கே வேர்விட்டிருக்கிறது. செம்மேட்டில் மட்டுமென்ன, நாமக்கல்லிலும் சேலத்திலும் கரூரிலும் இன்றைக்கு விடுமுறைப் பேச்சு இதுதான்.

நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கணக்கும் இருக்கிறது. காற்றின் கணக்கு மட்டும் இல்லை.

இருபத்தொரு தீவுகள், எஞ்சியவை பத்தொன்பது

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டினாற்போல் வரிசையாக அமைந்த சிறு தீவுகள் இருபத்தொன்று. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டங்களாக இவற்றைப் பிரித்துச் சொல்வது வழக்கம். 1986-ஆம் ஆண்டில் தமிழக அரசு இத்தீவுகளையும் சூழ்ந்த கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் வளைகுடாப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. தீவுகள் யாவும் பவளச் சிதைவும் மணலும் சேர்ந்து எழுந்தவை. மேடென்று சொல்லத்தக்க மேடு எதிலும் கிடையாது. சுண்ணாம்புத் தொழிலுக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக அலைகளைத் தடுக்கும் அரண் போய்விட, கீழக்கரைக் கூட்டத்தின் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிக் கூட்டத்தின் விலங்குச்சல்லியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன.

இந்தத் தீவுகளில் மூத்த கீர்த்தி குருசடைக்கு உரியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தக் கடலின் ஜீவராசிகளை ஆராய்ந்து எழுதினார். 1927-இல் அதே அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனியே ஒரு நூல் வெளியிட்டது. முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கும் முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் இடைப்பட்ட நிலையில் வைத்துப் பேசப்படும் பலனோகுளோசஸ் என்னும் புழுவுருவப் பிராணி இத்தீவின் மணலுக்குள் வாழ்கிறது. ஆஸ்பத்திரியில் காயத்துக்கு இடும் அயோடோஃபார்ம் மருந்தின் நெடி அதன் உடம்பில் வீசும். விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குருசடைக்குப் போனதும், ஆராய்ச்சியாளர்கள் அதை உயிரியலாரின் சொர்க்கமென்று கொண்டாடியதும் இத்தகைய செல்வங்களை முன்னிட்டே.

சாதாரணப் பிரயாணி இந்தத் தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. தேசியப் பூங்காவாதலால் வனத்துறையின் அனுமதியின்றிக் கால்வைப்பதே குற்றம். பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாப் படகுதான் முறையான வழி. அமெரிக்காவில் புகழ்பெற்றுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று தாயகத்தில் கால்வைத்ததும், பாஸ்கர சேதுபதி மன்னர் அவரை எதிர்கொண்டதும் இந்தக் குந்துகாலில்தான். தை மாதம் என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். காரணம் அடுத்து வருகிறது.

பெட்டிச் செய்தி: தீவுகளின் கணக்கு
மண்டபம் கூட்டத்தில் 7, கீழக்கரையில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4 தீவுகள். பரப்பில் பெரியது மண்டபத்தை அடுத்த முயல்தீவு, சுமார் 129 ஹெக்டேர். குருசடை சுமார் 66 ஹெக்டேர். தூத்துக்குடியின் வான் தீவு 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்து, பின்னர் இரண்டு மூன்று ஹெக்டேராகச் சுருங்கியது. அதைக் காக்கக் கடலடியில் செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டன. தேசியப் பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். உயிர்க்கோளக் காப்பகத்தின் பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர்.

காற்றின் பஞ்சாங்கம்

பாம்பன் தீவின் இரு புறமும் இரண்டு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அதைத் தென்கடல் என்பர். வடக்கே பாக் நீரிணையும் அதைச் சார்ந்த விரிகுடாவும், அது வடகடல். இவ்விரண்டும் ஒரே சமயத்தில் ஒரே குணத்தோடு இருப்பது அபூர்வம். சித்திரை பிற்பகுதி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரையில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தென்கடலைக் கலக்கிக்கொண்டிருக்க, நிலத்தின் மறைவில் கிடக்கும் வடகடல் ஒப்புநோக்க அடங்கியிருக்கும். ஐப்பசியில் வாடையும் கொண்டலும் தலைகாட்டியதும் நிலைமை மாறி, வடகடல் முரண்டு பிடிக்கத் தொடங்கும். எந்தக் கரையில் படகை இறக்குவது என்பதை நாட்டுப்படகுக்காரர் நிர்ணயிப்பது இந்தக் கணக்கைக் கொண்டுதான். அதற்கு அவர் எந்தப் பஞ்சாங்கத்தையும் புரட்டுவதில்லை, விடியுமுன் கரைக்கு வந்து முகத்தைக் காற்றுக்குக் காட்டினாலே போதும்.

இதிலிருந்து பெறப்படும் செய்தி கோடை விடுமுறைக்காரர்களுக்கு உவப்பாக இராது. பெயர் பெற்ற தீவுகள் எல்லாம் தென்கடலில் இருக்கின்றன; பள்ளிக்கூடங்கள் மூடியிருக்கும் மே மாதத்திலோ தென்கடலுக்குக் கோபம் ஏறத் தொடங்கிவிடுகிறது. தை, மாசி, பங்குனி மாதங்களில் பலநாள் கண்ணாடிபோல் கிடந்து அடிமணலைக் காட்டும் அதே நீர், வைகாசியில் கலங்கி, நுரைத்து, பவளத்தைப் பார்க்கப் போனவனுக்கு வெறும் சாம்பல் நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும். கச்சத்தீவின் அந்தோணியார் திருவிழாவுக்குப் பக்தர்கள் படகுகளில் போவது பிப்ரவரி, மார்ச் மாதங்களில் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கடற்கரையில் தவக்காலமும் கடலின் அமைதிக் காலமும் கைகோத்து வருவது புலப்படும்.

காற்றைக் கண்ணால் பார்த்து ஜாக்கிரதையாயிருக்கலாம் என்று நினைப்போருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தென்கோடிச் சமுத்திரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் பெருங்காற்றினால் எழும் நெடிய அலைகள், பல நாள் பிரயாணம் செய்து, நம் கரையில் இலை அசையாத நாளிலும் திடீரென்று ஏறி வரும். மலையாளக் கரையிலும் குமரிக் கரையிலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், திருச்சியில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை இழுத்துச் சென்றது. அந்நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல்தகவல் மையம் இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. ஆனால் உள்நாட்டிலிருந்து வரும் விடுமுறைக்காரர்களில் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுவோர் மிகச் சிலர். மலையில் மழைமேகத்தைக் கண்டதும் காட்டாற்றைக் கடக்காமல் நின்றுவிடுகிற விவேகம் நமக்குப் பிறவியிலேயே உண்டு. கடலைப் பொறுத்தவரையில் அந்த விவேகத்தை வேறொருவரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

கரையில் நிற்கும் படகும் கையிலிருக்கும் பணமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. 2001-இல் நாற்பத்தைந்து நாளாகத் தொடங்கிய இவ்வழக்கம் 2017 முதல் அறுபத்தொரு நாளாயிற்று. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்துக்கு விடப்பட்ட ஓய்வு இது. நாட்டுப்படகுகளுக்கு இத்தடை பொருந்தாது. கோடை விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் விளையும் சங்கடத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு பக்கம், வருமானமின்றி இரண்டு மாதம் கரையில் கிடக்கும் படகுகளும், வட்டி கட்ட வேண்டிய படகுச் சொந்தக்காரர்களான சம்மாட்டிகளும். மறுபக்கம், வனத்துறைப் படகு காற்றின் காரணமாக இன்றைக்கு இல்லையென்று கேள்விப்பட்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் பிரயாணம் வீணாயிற்றேயென்று முகம் வாடி நிற்கும் குடும்பங்களும் அவர்களின் கையிலுள்ள பணமும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அபாயம் பிறக்கிறது. மீன்பிடிப் படகு மீன் பிடிக்கப் பதிவானது. உல்லாசப் பிரயாணிகளை ஏற்றுவதற்கு அதற்கு உரிமை இல்லை. ஒரு சுற்றுத்தானே என்று ஏறிவிட்டால், அது கவிழ்ந்த பிறகு இன்சூரன்ஸ் பேச்சுக்கும் இடமிராது.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறிய உறவினர் கூட்டத்தில் 22 பேர் மாண்டனர். ஏறியது மீன்பிடிப் படகு, ஏற்றியது அளவுக்கு மிஞ்சி. 2017 பிப்ரவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டுக் கடலில் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தபோதும் அதே கதை. 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை, கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகை மாற்றியமைத்துச் செய்த இரண்டடுக்குப் படகு, பொழுது சாய்ந்த பிறகும் சவாரி எடுத்துக் கவிழ, 22 உயிர்கள் போயின, குழந்தைகளே அதிகம். மூன்று விபத்துகளிலும் புயல் இல்லை, சுறாவும் இல்லை. பண்டிகை, பொழுதுபோக்கு, ஏறக் காத்திருக்கும் கூட்டம் இவைதாம் இருந்தன.

தேக்கடியின் கதை வேறொரு பாடம் புகட்டுவது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே 45 பேர் இறந்தனர். படகு புதியது, அரசு சார்ந்த நிறுவனத்தினுடையது, நீர்ப்பரப்போ கடல் அல்ல, அமைதியான ஏரி. கரையில் காட்டு விலங்குகளைக் கண்டு மேல்தட்டில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகத் திரண்டதும், பாரம் முழுதும் உயரத்திலும் ஒருபுறத்திலும் சேர்ந்து படகு சாய்ந்துவிட்டதென்று அன்று சொல்லப்பட்டது. தீவைச் சுற்றிவரும் படகில் டால்பின் தெரிகிறதென்று ஒருவர் கூவினால் அத்தனை பேரும் அந்தப் பக்கம் பாய்வதும், கைப்பேசியை நீட்டுவதும் நாம் அன்றாடம் காண்பதே. உட்கார்ந்த இடத்திலிருந்து எழாதிருப்பதே படகில் பெரிய சாமர்த்தியம். மும்பையில் 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டா தீவுக்குச் சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விசைப்படகு மோதிப் பன்னிரண்டு பேருக்கு மேல் இறந்தபோது, உயிர்காப்புக் கவசம் அணியாமல் பிரயாணம் செய்த வழக்கம் பற்றி நாடெங்கும் பேசினார்கள். சில வாரம் பேசி மறந்தும்விட்டார்கள்.

பெட்டிச் செய்தி: ஏறுமுன் ஒரு நிமிஷம்
உயிர்காப்புக் கவசத்தைத் தோளில் மாட்டிக்கொள்வது வேறு, அணிவது வேறு. வார்களை மார்பிலும் இடுப்பிலும் பூட்டியபின், தோள்பட்டைப் பகுதியை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது காதுவரை ஏறினால், நீரில் விழுந்ததும் கவசம் மிதக்கும், ஆள் அமிழ்வார். பெரியவர்களின் கவசத்தைக் குழந்தைக்கு மாட்டக்கூடாது. சிறிய அளவு இல்லையென்றால் குழந்தையை ஏற்றக்கூடாது. படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையில் கைக்குழந்தையும் ஓர் ஆள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் அன்றைக்குக் கரையோடு சரி. எழுபது வளைவில் வாந்தியெடுப்பவர்கள் படகிலும் எடுப்பார்கள்: அரைவயிற்றுச் சாப்பாட்டோடு ஏறி, படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நலம், மாத்திரை வேண்டுமானால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு அரைமணி முன்னதாக.

வெளுத்துக் கிடக்கும் பவளம்

நமக்கு நேரும் அபாயத்தைச் சொன்னோம். நம்மால் நேரும் அபாயம் அதைவிடக் குறைந்ததன்று. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பவளம் கல்லல்ல, ஜீவன். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகள் வெயிலைக்கொண்டு சமைத்துத் தரும் உணவில் அது பிழைக்கிறது. அதன் வண்ணமும் அந்தப் பாசிகள் தந்ததே. கடல்நீரின் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டிச் சில வாரங்கள் நீடித்தால், அந்தப் பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிட்டு எலும்புபோல் வெளுத்து நிற்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் மீளும், தணியாவிடில் மடியும். இந்த வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களே வெளுப்பின் பருவம். 2010-லும் 2016-லும் நேர்ந்த வெளுப்பு பெரும் சேதத்தை உண்டாக்கிற்று. 2024-இல் உலகமெங்கும் நான்காவது பெருவெளுப்பு நிகழ்வதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

ஆகவே, மே மாதத்தில் தீவுக்குப் போகும் குடும்பம், பவளத்தைக் காய்ச்சலில் கிடக்கும் காலத்தில் பார்க்கப் போகிறது. வெள்ளை வெளேரென்று பளிச்சிடும் பாறையைக் கண்டு எவ்வளவு அழகென்று வியப்போரும் உண்டு. வியப்பதில் குற்றமில்லை, ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி அதன்மேல் ஏறி நின்று படமெடுப்பதும், நினைவுக்கென்று ஒரு கிளையை முறித்துப் பையில் போட்டுக்கொள்வதும்தான் குற்றம். கிளைப்பவளங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளர்வன. பாறைபோல் திரண்டவை அதைவிட மெதுவாக வளர்வன. ஒரு மனிதரின் குதிகால் ஒரு நொடியில் உடைப்பதை மீண்டும் கட்டியெழுப்ப ஒரு தலைமுறைக் காலமாகிவிடும். 2001-ஆம் ஆண்டு முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. இராமேஸ்வரத்துச் சங்குக் கடைகளில் விற்பனைக்கு இருப்பதெல்லாம் வாங்கத்தக்கதென்று நினைத்துவிடவும் கூடாது.

தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு சினிமாவினால் புகழடைந்து, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் விரைவுப் படகுகளில் வந்து இறங்கிப் பவளத்தைத் துவைத்தபின், 2018 ஜூனில் அந்நாட்டு அரசு அதை அடியோடு மூடிற்று. 2022 ஜனவரியில் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது, தீவின் மறுபுறத்தில்தான் இறக்க வேண்டுமென்று விதித்தார்கள். இடையிலிருந்த ஆண்டுகளில் கருமுனைச் சுறாக்கள் அங்கே திரும்பி வந்திருந்தன. நம்முடைய குருசடையோ அந்த விரிகுடாவின் புகழில் நூறில் ஒரு பங்கும் பெறவில்லை. பெறுவதற்கு முன்பே, எத்தனை பேர், எந்த மாதங்களில் என்ற வரம்பை இறுக்கி நிர்ணயித்துக்கொள்வது உசிதம். வெளுப்பு மிகுந்த வாரங்களில் பவளம் உள்ள பகுதிகளில் படகை அறவே நிறுத்துவது கடுமையென்று சிலருக்குத் தோன்றலாம். மீனவருக்கு அறுபத்தொரு நாள் விதிக்கத் துணிந்த நாம் உல்லாசிகளுக்குச் சில வாரம் விதிக்கத் தயங்குவதற்கு நியாயம் ஏதும் தென்படவில்லை.

தீவுக்கு முன்பே போனவர்கள்

நாம் வேடிக்கை பார்க்கப் போகும் தீவுகளைச் சுற்றிய நீரில் பாடுபட்டுப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்திலும், இராமநாதபுரம் கடற்கரையின் மற்றச் சிற்றூர்களிலும் உள்ள மீனவப் பெண்கள், தாய்வழியாகவும் பாட்டிவழியாகவும் வந்த தொழிலாகக் கடற்பாசி சேகரிக்கிறார்கள். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, காலுக்கு ரப்பர்ச் செருப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டி, மூச்சடக்கிப் பாறைக்குக் கீழே மூழ்கி, பாசியைக் கிள்ளி இடுப்பில் கட்டிய வலைப்பையில் திணித்துக்கொண்டு மேலே வருகிறார்கள், நாளெல்லாம் உப்புநீரில். தேசியப் பூங்காவாக அறிவித்தபின் தீவுகளின் அருகே போவதற்கு அவர்கள் பட்ட இடர்கள் பல. அந்நிலையிலும் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குமேல் பாசி எடுப்பதில்லை, வேரோடு பறிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டைத் தாங்களாகவே விதித்துக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசளித்தது.

வயிற்றுப் பிழைப்புக்குப் போகும் பெண்ணைக் கேள்வி கேட்டு நிறுத்தும் சட்டம், பொழுதுபோக்குக்குப் போகும் நமக்கு டிக்கெட் கொடுத்து வழிவிடுகிறது என்ற வேற்றுமை, படகில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிற நேரத்தில் மனத்தில் உறைக்கத்தான் செய்யும். சூழல் சுற்றுலாவின் வருமானத்தில் கரையூர்க் குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வேலையாகவும் பங்காகவும் என்ன போய்ச் சேருகிறதென்பதே இந்தத் திட்டங்களை எடைபோட வேண்டிய தராசு.

மே மாதத்திலேயே போயாக வேண்டுமானால்

பரீட்சைக்கு முன்பு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக முடியாது, மாசி மாதம் மிளகு பறிப்பை விட்டுவிட்டு இறங்க முடியாது என்ற குடும்பங்களுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. தென்கடல் குமுறும் பருவத்தில் வடகடல் ஒப்புநோக்க அமைதியாயிருக்கும் என்றோமல்லவா? தொண்டியை அடுத்த காரங்காட்டில் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில், அலையாத்திக் காட்டின் நடுவே ஓடும் உப்பாற்று வழியே படகில் கடல் முகம்வரை போய் வரலாம். பவளம் இல்லை, ஆனால் நாரைகளும் கொக்குகளும் உண்டு, ஊரார் சமைத்துத் தரும் நண்டும் மீனும் உண்டு. கடற்பசு என்னும் அரிய பிராணி மேயும் கடற்புல் வெளிகள் இந்த வடகடலிலும் இருக்கின்றன; இதன் வடபகுதியில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி, 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. பிச்சாவரத்தின் அலையாத்திக் கால்வாய்களும் கோடைக்கு ஏற்றவை. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்பதொன்றே நிபந்தனை.

கடற்பாறைக்குப் படகில் போய்வந்தால் போதும் என்போர்க்குக் கன்னியாகுமரி இருக்கவே இருக்கிறது. விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகுகளை இயக்குகிறது. அருகே 133 அடி வள்ளுவர் சிலைக்கு, 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தின் வழியே பாறையிலிருந்தே நடந்து போகலாம். ஆனால் அங்கும் கடல் சீறினாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். மே மாதத்து வரிசையில் மணிக்கணக்கில் நின்றபின் அந்த அறிவிப்பைக் கேட்பது சாதாரண அனுபவம். இலட்சத்தீவைப் பற்றிக் கேட்போரும் உண்டு. அதற்கு நுழைவு அனுமதி வேண்டும். கொச்சியிலிருந்து புறப்பட வேண்டும். மே நடுப்பகுதிக்குமேல் பருவக்காற்று அங்கும் முந்திக்கொள்ளும். செலவோ மிளகுக் கணக்கில் அடங்காது.

பெட்டிச் செய்தி: செம்மேட்டிலிருந்து வழி
செம்மேடு, காரவள்ளி, சேந்தமங்கலம், நாமக்கல் வந்து, திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியே தொண்டிக் கடற்கரையை அடைவது காரங்காட்டுக்கு நேர்வழி. கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று போனால் மண்டபம், பாம்பன். இரயிலை விரும்புவோர் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஏறினால், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தின்மீது போகலாம். கப்பலுக்கு வழிவிட அதன் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், கோடைக்கென்று ஒரு திட்டம் தானே உருவாகிறது. முதல் நாள் விடியலில் காரங்காடு. வெயில் முற்றுமுன் படகைவிட்டு இறங்கிவிட வேண்டும். அன்று மாலைக்குள் மண்டபம் அல்லது பாம்பன். மறுநாள் காலையில் குந்துகால் வனத்துறையினரை விசாரித்து, படகு உண்டென்றால் குருசடை. இல்லையென்றால் தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனை வரை போய், 1964 டிசம்பர் புயல் விட்டுச்சென்ற இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தில் பிள்ளைகளை இறக்கிவிடலாம். அரிச்சல்முனைக்கு அப்பால் தெரியும் மணல் திட்டுகளுக்குப் படகில் அழைத்துப் போகிறேன் என்று யாராவது ரகசியமாகச் சொன்னால், சர்வதேச எல்லைக்கோடு அந்தத் திட்டுகளின் ஊடேதான் போகிறதென்பதை நினைவில் வைத்துக்கொண்டு விலகிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட மனம் ஒப்புமானால், பொங்கல் விடுமுறை தென்கடலுக்கு உகந்தது. காணும் பொங்கல் கூட்டத்தை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். காலாண்டு விடுமுறையில் கச்சான் ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்காத இடைவெளி சில நாள் வாய்ப்பதுண்டு. நம்பிப் புறப்படுவதற்கில்லை, விசாரித்துப் புறப்படலாம்.

எந்த மாதமானாலும் திட்டத்தில் ஒரு நாளை வெறுமையாக விட்டுவைப்பது அவசியம். காற்று இன்று இருந்து நாளை தணியக்கூடும். திரும்பியே ஆகவேண்டிய அவசரம் உள்ளவர்கள்தாம் பதிவில்லாத படகில் ஏறுகிறார்கள். வேன்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே அந்த ஒரு நாளையும் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது. மண்டபத்தில் போய் நின்றுகொண்டு பேசினால், மாமன் முறையானாலும் வாடகை வேறாக இருக்கும்.